குறைந்த பொருள்களோடு வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சாமான் குறைந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு தடவையாவது நினைக்காதவர்கள் குறைவு. எங்கே கை வைப்பது, எதை விடுவது, விட்ட பிறகு மறுபடி சேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்களில் ஒரு சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதை வெளியேற்றுகிறோம் என்பதைவிட எதை உள்ளே வரவிடுகிறோம் என்பதே பெரிய விஷயம் என்று நம்புகிறவன் நான்.

குறைந்த பொருள்களோடு வாழ்வதை மினிமலிசம் என்கிறார்களே, அதில் எத்தனை பொருள் வரை வைத்துக்கொள்ளலாம்?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. நூறு பொருளுக்குள் வாழ்ந்து காட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் உண்டு. அதில் இறங்கினால் முதல் நாளே ஒரு ஜோடி காலுறையை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்று எண்ணுவதா என்ற வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். தச்சர் பட்டறையில் பத்து உளி இருந்தால் பத்துக்கும் வேலை இருக்கும். எழுதும் பழக்கமே இல்லாத வீட்டில் மூன்று பேனா இருந்தாலும் அதில் இரண்டு காய்ந்துதான் கிடக்கும்.

நான் பார்ப்பது இவ்வளவுதான். இந்தப் பொருள் புழங்குகிறதா? எடுத்தால் திரும்ப வைக்க அதற்கென்று ஓர் இடம் இருக்கிறதா? நாளைக்கே தொலைந்துபோனால் மறுபடி வாங்குவேனா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது இருக்கட்டும்.

இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்குதானே?

நியாயமான கேள்வி. தேவைப்பட்டால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்ற தெம்பு உள்ளவருக்கு ஒரு பொருளை விடுவது சுலபம். அந்தத் தெம்பு இல்லாதவர் ஓடாத மின்விசிறியை உதிரி பாகத்துக்காக எடுத்து வைத்திருந்தால் அது சரியான கணக்கு. அவரைப் பார்த்து இவ்வளவு அடைசல் எதற்கு என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கையில் இருப்பதே கொஞ்சம் என்பவரிடம் எளிமையைப் பற்றி வகுப்பெடுப்பது அநாகரிகம்.

இந்தப் பழக்கம் மிக அதிகமாக உதவுவது நடுவில் இருக்கும் வீடுகளுக்கு. வருமானம் சுமாராக வருகிறது, தவணையில் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது என்ற நிலைமை. வாங்காத பொருளுக்குத் தவணை கிடையாது, பழுதுபார்க்கும் செலவு கிடையாது, வீடு மாற்றும்போது ஏற்றிப்போக வண்டியும் தேவையில்லை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது இன்னோர் அறை வேண்டும் என்று தேடுகிறோமே, அந்த அறையில் கடைசியில் குடியேறுவது பெரும்பாலும் சாமான்கள்தான்.

சாமான் கொஞ்சம் கூட இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

முழுகாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் நம்மிடம் ஏதாவது ஒரு வேலை வாங்குகிறது. துடைக்க வேண்டும், நகர்த்த வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பதை எடுக்க அதை முதலில் எடுக்க வேண்டும். ஒரு நாளில் இது தெரியாது, வருடக்கணக்கில் தெரியும்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே போய், அவர்களுடைய பொருள்களையும் அன்றாடத்தையும் பதிவு செய்தார்கள். கார் நிறுத்தக் கட்டிய கொட்டகைகளில் நான்கில் மூன்றில் காருக்கு இடமே இல்லை, அவ்வளவும் சாமான். இதே ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து 2010இல் இன்னொரு முடிவும் வந்தது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அடைசல், முடியாத வேலை என்ற மாதிரிப் பேசிய பெண்களுக்குக் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன், காலையிலிருந்து மாலைக்குள் இயல்பாக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அடைசல்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே களைத்துப்போனவர் வீட்டில் சாமான் குவிவதும் நடக்கக்கூடியதுதானே. இரண்டும் கைகோத்துக்கொண்டு போகின்றன என்பது வரை நிச்சயம்.

சரி, எங்கே தொடங்குவது?

மனசு வலிக்காத இடத்தில். பழைய புகைப்படப் பெட்டியைத் திறந்து தொடங்கினவர்கள் சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முடிவெடுக்க யோசனையே தேவைப்படாத பொருள்களில் ஆரம்பியுங்கள்.

முதலில் மருந்துப் பெட்டி. காலாவதி தேதி பெட்டி மேலேயே இருக்கிறது, வாதாட ஒன்றுமில்லை. மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று வைக்காதீர்கள். அடுத்த காய்ச்சல் வேறு காரணத்தால் வரலாம், மிச்சமிருப்பது முழு அளவுக்கும் போதாது. வேண்டாத மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டினால் அவை நீர்நிலைகளில் போய்ச் சேரும். திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுப்பது நல்லது.

அடுத்து முகப்பூச்சு, கிரீம் வகைகள். டப்பாவின் பின்புறம் மூடி திறந்த ஒரு சின்னக் குப்பியின் படமும் அதனுள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மூன்றாவது, எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த ஒயர் டிராயர். மொத்தத்தையும் மேசைமேல் கவிழ்த்துவிடுங்கள். பின்னிக்கிடக்கும் ஒயர்களைப் பிரித்து, முனையை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் போடுங்கள். தட்டையான பழைய முனை, சின்ன முனை, இரண்டு பக்கமும் திருப்பிச் செருகலாம் என்கிற நீள்வட்ட யுஎஸ்பி-சி முனை. அதற்குப் பக்கத்தில் சார்ஜர்கள். ஒவ்வொரு சார்ஜரின் அடியிலும் பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் அச்சிட்டிருக்கும். எந்தக் கருவிக்கு உரியது என்று யாருக்குமே தெரியாத சார்ஜரைக் குத்துமதிப்பாக எதிலாவது செருகுவது ஆபத்து. வோல்ட் பொருந்தாவிட்டால் கருவி போய்விடும். ஆகவே அதை வைத்திருப்பதில் லாபமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம் ஆகிவிட்டது, அதனால் மற்ற இடங்களில் விற்கும் கருவிகளும் அதே பக்கம் சாய்ந்துவிட்டன. ஒவ்வொரு வகையிலும் வேலை செய்யும் ஒயர் இரண்டு இருந்தால் போதும். இந்த டிராயர் ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டு அதைத் திறந்து மூடும்போது ஒன்றும் இடிக்காமல் இருப்பது உண்மையிலேயே ஒரு சந்தோஷம்.

தூக்கிப்போட்ட மறுநாளே அது தேவைப்பட்டால்?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இந்தப் பயம் இல்லாமல் இருக்காது. ஆனால் துரும்பு வேண்டும்போது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் உதவும். பரணில் எட்டாவது அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்குரூ டிரைவர் கிடைக்காமல் இன்னொன்று வாங்கிவருகிறோம். அப்போது வீட்டில் ஸ்குரூ டிரைவர் இரண்டு, கைக்கு எட்டுவது ஒன்று.

சந்தேகமானவற்றை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே இன்றைய தேதியை எழுதி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து, அதற்குள் என்ன இருந்தது என்று நினைவே வராவிட்டால் பதில் கிடைத்துவிட்டது. இரவல் வாங்க முடிகிற பொருளா, எளிதில் திரும்ப வாங்கக்கூடியதா என்றும் பார்க்கலாம். இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் விட்டுவிடத் தயங்க வேண்டாம்.

இதில் சேராதவை சில உண்டு. முதலுதவிப் பெட்டி, டார்ச், தீயணைப்பான், மாற்றுச் சாவி, மாற்றுக் கண்ணாடி. இவற்றை வருடம் முழுக்கத் தொடாமல் இருந்தால் அது நல்ல வருடம். பயன்படுத்தவில்லையே என்று இவற்றை வெளியேற்றுவது அசட்டுத்தனம்.

காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, எப்படி விட மனசு வரும்?

கொடுத்த காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பொருளை இன்னும் பத்து வருடம் வைத்திருந்தாலும் அது திரும்பி வராது. அது பிடித்திருக்கும் இடம்தான் கூடுதல் செலவு.

விட மனசு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேனியல் கானேமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை ஒன்று. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். குவளை கிடைத்தவர்களிடம் எவ்வளவுக்கு விற்பீர்கள் என்றும், கிடைக்காதவர்களிடம் எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். விற்பவர்கள் சொன்ன விலை, வாங்குபவர்கள் சொன்னதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. குவளை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் கையில் இருந்ததற்கே இந்த மதிப்பு என்றால், பதினைந்து வருடம் அலமாரியில் இருந்ததற்குக் கேட்க வேண்டுமா? ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு ‘இதை விடலாமா’ என்று கேட்காதீர்கள். ‘இது என்னிடம் இல்லை, இன்றைக்குக் கடையில் பார்க்கிறேன், வாங்குவேனா’ என்று கேளுங்கள். பதில் மாறிப்போவதைப் பார்ப்பீர்கள்.

துணிகளை எப்படிக் குறைப்பது?

அலமாரியில் இருக்கும் எல்லா ஹேங்கர்களையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்து வந்த துணியை மட்டும் வழக்கம்போல மாட்டுங்கள். எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்த பிறகு இன்னும் திரும்பியே இருக்கும் ஹேங்கர்களைப் பாருங்கள், அவ்வளவுதான். மெலிந்த பிறகு போடலாம் என்று வைத்திருக்கும் துணி பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மெலிந்தால் அந்த மகிழ்ச்சியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுவரை தினமும் காலையில் உங்களைக் குறை சொல்லும் துணி எதற்கு?

நினைவுப் பொருள்களை என்ன செய்வது?

கடைசியில் தொடுங்கள், பொறுமையாகத் தொடுங்கள். இறந்துபோன ஒருவருடைய பொருள்களை எடுத்துக்கொடுக்க யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும்.

படம் எடுத்து வைத்துக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடலாம் என்பது வெறும் சமாதானமா, உண்மையிலேயே பலன் தருகிறதா? 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று மாணவர் விடுதியில் இதைச் சோதித்தது. வேண்டாத பொருள்களைத் தானமாகக் கொடுங்கள் என்று மட்டும் கேட்ட இடத்தில் 533 பொருள்கள் வந்தன. நினைவுக்குப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்று கேட்ட இடத்தில் 613 வந்தன. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசம் உண்டு. பொருளை விட்டால் நினைவும் போய்விடுமோ என்ற பயத்தைப் படம் கொஞ்சம் குறைக்கிறது.

நான் சொல்வது: எல்லாவற்றையும் வைக்காமல், ஒன்றை நன்றாக வையுங்கள். அப்பாவின் இருபது சட்டைகள் மூட்டைக்குள் கிடப்பதைவிட, அவர் கையெழுத்துள்ள கணக்கு நோட்டு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பரணில் கட்டி வைத்திருப்பதை நாம் போற்றுகிறோம் என்று சொல்ல முடியுமா?

பரிசாக வந்த பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தவரின் அன்பு, கொடுத்த அன்றே உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. உங்களுக்கு உதவாததை உதவக்கூடியவருக்குக் கொடுத்தால் அந்த அன்புக்கு ஒரு குறையும் வராது.

புத்தகங்களையும் குறைக்க வேண்டுமா?

தேவையில்லை. ரிச்சர்ட் கிரெக் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1920களில் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு ஆசிரமத்தில் இருந்தார். தன் விருப்பத்தின் பேரில் ஏற்கும் எளிமை என்ற கருத்தை 1936இல் விரிவாக எழுதியவர் அவர்தான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை என்று காந்தியிடம் சொன்னாராம். அப்படியானால் விடாதே, ஒரு பொருளிலிருந்து மனத்துக்குத் துணை கிடைக்கும் வரை அதை வைத்துக்கொள், தியாகம் செய்கிறேன் என்ற எண்ணத்தில் விட்டால் அது உன்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும் என்பதுதான் காந்தி சொன்ன பதிலின் சாரம். குறைந்த பொருள்களோடு வாழ்ந்து காட்டிய மனிதரே இப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடச் சரியான அறிவுரை தெரியாது. படித்து முடித்து, இனித் திறக்கப்போவதில்லை என்று தெரிந்த புத்தகங்களை மட்டும் நூலகத்துக்கோ படிக்கிறவருக்கோ கொடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் பொருளில் மட்டும் கை வையுங்கள். அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் வெளியேற்றுவது, அது எவ்வளவு உதவாத பொருளாக இருந்தாலும், தவறு. அது குப்பையா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அதன் பிறகு வீட்டில் எது காணாமல் போனாலும் சந்தேகம் உங்கள்மேல்தான் வரும், அவரும் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்.

உங்கள் அலமாரி, உங்கள் மேசை, உங்கள் ஒயர் டிராயர். அவை ஒழுங்கானால் மற்றவர்கள் பார்ப்பார்கள். பொது இடங்களுக்கு மட்டும் சேர்ந்து பேசி ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்: சாப்பாட்டு மேசைமேல் இரவில் எதுவும் இருக்கக் கூடாது, கூடத்து நாற்காலியில் துணி போடக் கூடாது. வயதானவர்களோடு இருப்பவர்கள் இன்னும் நிதானமாகப் போக வேண்டும். பொருள் கிடைக்காத காலத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள், சேர்த்து வைத்ததால்தான் குடும்பம் நடந்திருக்கும். அவர்களிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்வதைவிட, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கதையைச் சொல்லி முடித்த பிறகு பொருளைக் கொடுக்க அவர்களே முன்வருவதும் உண்டு, வராவிட்டாலும் கதை உங்களுக்கு மிச்சம்.

பொம்மை குறைந்தால் குழந்தை ஏங்கிப்போகாதா?

2018இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 36 சிறு குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும் இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், ஒரே பொம்மையை விதவிதமாகப் பயன்படுத்தினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் எல்லோரும் கண்ணால் பார்ப்பதும் இதுதான். பொம்மைகளை மூன்று பங்காகப் பிரித்து ஒன்றை மட்டும் வெளியே வைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். உள்ளே போய்த் திரும்பி வரும் பொம்மை அவர்களுக்குப் புதுப் பொம்மை. உயிராக வைத்திருக்கும் கரடியை மட்டும் சுற்றில் விடாதீர்கள்.

ஒழித்து முடித்தேன், ஒரு வருடத்தில் மறுபடி நிரம்பிவிட்டது. ஏன்?

வாசல் திறந்தே இருப்பதால். குறைந்த பொருள்களோடு வாழ்வதில் பெரும்பங்கு வேலை வீட்டுக்குள்ளே இல்லை, பணம் கொடுக்கும் அந்தக் கணத்தில் இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை ஒழித்தாலும், புதிய சாமானுக்கு இடம் பண்ணிக் கொடுத்ததாகத்தான் முடியும்.

நம் மனசே கூட்டுகிற பக்கம்தான் முதலில் ஓடுகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதை லெகோ என்ற விளையாட்டுக் கட்டைகளை வைத்துக் காட்டினார்கள். ஒரு கூரை ஒரே ஒரு கட்டையின்மேல் ஆட்டம் கண்டு நிற்கிறது, அதை உறுதியாக்க வேண்டும். அந்த ஒரு கட்டையை எடுத்துவிட்டால் கூரை அப்படியே கீழே அமர்ந்துவிடும். ஆனால் பெரும்பாலானவர்கள் புதுக் கட்டைகளைச் சேர்த்து முட்டுக்கொடுத்தார்கள், சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் காசு பிடிப்போம் என்று சொல்லியிருந்தும். எடுப்பதும் ஒரு வழி என்பது நினைவுக்கே வரவில்லை. வீட்டிலும் இதேதான். அலமாரி நிரம்பிவிட்டது என்றால் முதலில் தோன்றுவது இன்னோர் அலமாரி.

அப்புறம், ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கூட்டிக்கொண்டு வரும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிடேரோ 1769இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அழகான செந்நிற அங்கி ஒன்று அவரிடம் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அறையில் இருந்த மற்றதெல்லாம் சாயம்போனதாகத் தெரிந்தது. வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, மேசை மாறியது, சுவரில் இருந்த படங்கள் மாறின, கடைசியில் பழைய அங்கியை விட்டோமே என்ற வருத்தம். 1980களில் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் இதற்கு டிடேரோ விளைவு என்று பெயர் வைத்தார். புதிய கைபேசி வாங்கியதும் உறை, கண்ணாடி, கடிகாரம், காதொலிப்பான் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வது இதே கதைதான். ஒன்றை வாங்கும் முன், இதற்குப் பின்னால் என்னவெல்லாம் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

நடைமுறைக்கு மூன்று பழக்கங்கள் போதும். வாங்க நினைப்பதை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்து 30 நாள் விடுங்கள். அவசரத் தேவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், பாதிக்குமேல் தானாகவே விழுந்துவிடும். இரண்டாவது, உள்ளே ஒன்று வந்தால் அதே வகையில் ஒன்று வெளியே போகட்டும். செருப்பு வந்தால் செருப்பு, குவளை வந்தால் குவளை. மூன்றாவதுதான் கடினம்: இலவசத்துக்கு வேண்டாம் என்று சொல்வது. கருத்தரங்குப் பை, விளம்பரப் பேனா, இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா. காசு போகவில்லை என்பதால் யோசிக்காமல் வாங்கிக்கொள்கிறோம். அவை பிடிக்கும் இடம் மட்டும் இலவசமா? கடை ஆப்களின் அறிவிப்புகளை நிறுத்துங்கள், அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். எண்ணை ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் பல ஆசைகள் அடங்கிவிடும்.

எல்லாம் ஒரே மாதிரி ஜாடி, மூங்கில் பெட்டி, துணிப்பை என்று மாற்றினால் வீடு அழகாக இருக்குமே?

இருக்கும். ஆனால் அதற்காக நல்ல நிலையில் இருப்பதைத் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கினால் அது இன்னொரு ஷாப்பிங்தான். பருத்திப் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்று, பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால் பருவநிலை பாதிப்பை மட்டும் ஈடுகட்டவே 52 தடவை புழங்க வேண்டும். எல்லாவிதமான சுற்றுச்சூழல் பாதிப்பையும் சேர்த்தால் சுமார் 7,100 தடவை. அதற்காகப் பருத்திப் பை கெட்டது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் பையைக் கிழியும் வரை தூக்குங்கள், பத்தாவது பையை வாங்காதீர்கள்.

காகிதங்கள்?

பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், உயில் போன்றவற்றுக்கு அசல் வேண்டும், ஒரே கோப்பில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். மற்றவற்றைப் படமெடுத்துக்கொண்டு விடலாம். கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானவை, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்தே மறைந்துபோகும். அவற்றை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். படமெடுத்து வைத்த கோப்புகளுக்கு மூன்று பிரதி இருக்கட்டும், இரண்டு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

கைபேசியில் இருக்கும் அடைசலும் இதில் சேருமா?

சேரும், ஆனால் அவசரமில்லை. ஆயிரம் படம் இருப்பதால் யாரும் தடுக்கி விழப்போவதில்லை. அறிவிப்புகளை முதலில் நிறுத்துங்கள். இடம் அடைப்பதைவிட நேரம் அடைப்பதுதான் அங்கே பிரச்சினை.

சேர்த்து வைப்பது எப்போது நோய் ஆகிறது?

அலமாரி நிரம்பி வழிவது நோயல்ல. கட்டிலில் படுக்க முடியாமல், சமைக்கும் இடத்தில் சமைக்க முடியாமல், நடக்க வழி இல்லாமல் பொருள்கள் குவிந்து, ஒன்றை விடச் சொன்னாலே அவருக்குத் தாங்க முடியாத வேதனை வந்தால், அதை மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. சோம்பலோ பிடிவாதமோ என்று திட்டுவதில் பலன் இல்லை. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஆளைக் கூட்டிவந்து மொத்தத்தையும் அள்ளுவது நிலைமையை இன்னும் கெடுக்கும். வீடு மறுபடி நிரம்பும், நம்பிக்கை மட்டும் திரும்பாது. எண்ணப் போக்கை மெல்ல மாற்றும் உளவியல் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது, அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வெளியேற்றும் பொருள்களை எங்கே கொண்டுபோவது?

கொடுப்பதற்கு ஒரு அளவுகோல்: நண்பருக்கு நேரில் கொடுக்கக் கூச்சமாக இருக்காது என்றால் தானமாகக் கொடுக்கலாம். கிழிந்ததையும் கறை படிந்ததையும் தானம் என்ற பெயரில் தள்ளிவிட்டால், அதைப் பிரித்துக் குப்பையில் போடும் வேலை அங்கே இருப்பவர்கள் தலையில் விழுகிறது. கிழிந்த பருத்தித் துணி வீட்டிலேயே துடைக்க ஆகும். ‘கொடுக்க’ என்று கட்டி வைத்த பையை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், வாசலருகே ஒரு மாதம் இருந்தால் பாதி மறுபடி உள்ளே வந்துவிடும்.

மின்சாதனங்களை வேறு குப்பையோடு கலக்காதீர்கள். 2022இல் மட்டும் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாகவும் அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கும், அதனால் முனைகளில் டேப் ஒட்டித் தனியாக மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரி இருந்தால் அது அடுத்த மாதத்துக்கான வேலை அல்ல, இன்றைக்கு.

பழைய கைபேசியைக் கொடுப்பதற்கு முன் வேண்டிய படங்களையும் எண்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள், இல்லையென்றால் வாங்குபவரால் அதைத் திறக்கவே முடியாமல் போகலாம். அதன் பிறகு தொழிற்சாலை நிலைக்கு (ஃபாக்டரி ரீசெட்) மீட்டமைத்து, சிம் அட்டையையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.